பூட்டிய வீட்டுக்குப் போகும் நோட்டீஸ்

செட்டிநாட்டில் ஒரு வண்டி எந்த முகவரியில் பதிவாகியிருக்கிறதோ அந்த முகவரியில் ஆள் இருப்பார் என்று சொல்ல முடியாது. ஆர்.சி. புத்தகத்தில் பள்ளத்தூர் என்றோ கானாடுகாத்தான் என்றோ இருக்கும். அந்த வீட்டு முகப்பில் பூட்டுத் தொங்கும். பின்கட்டில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஒரு குடும்பம் இருக்கும். பல வீடுகளில் அதுவும் கிடையாது. சொந்தக்காரர் சென்னையிலோ கோவையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். வண்டி மட்டும் டி.என். 63 இசட் என்ற எண்ணைத் தாங்கி எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். டி.என். 63 சிவகங்கை மாவட்டம். அதோடு இசட் சேர்ந்தால் காரைக்குடி.

முன்னோருக்கான படைப்புக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்கு வரும்போதுதான் அந்த வீடுகள் திறக்கின்றன. கதவிடுக்கில் செருகிக் கிடக்கும் தபால்களும் அப்போதுதான் பிரிக்கப்படுகின்றன. அதற்குள் அபராதத்துக்கான கெடு முடிந்து, வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். ஓட்டுநர் உரிமம், போக்குவரத்து அபராதம் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது காரைக்குடி பெரியார் சிலை அருகே கைகாட்டி நிறுத்தும் போலீஸ்காரர்தான். இப்போது நிறுத்துவது கேமரா. அது கைகாட்டுவதில்லை, படம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுகிறது. அபராத நோட்டீஸ், பதிவான முகவரிக்கும் பதிவான செல்போனுக்கும் போகிறது.

அந்தச் செல்போன் எண் யாருடையது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? வண்டி வாங்கியபோது ஷோரூமில் அவசரத்துக்கு ஒரு எண்ணைக் கொடுத்திருப்பார்கள். சில நேரம் பதிவு வேலையைப் பார்த்த புரோக்கரின் எண்ணே ஏறியிருக்கும். மகனுடைய பழைய எண், கைவிட்டுப்போன சிம் என்று பல கதைகள். சலான் போட்ட செய்தி அந்த எண்ணுக்குத்தான் போகும். சலானைத் தேடிப் பார்க்கப் போனாலும் ஓ.டி.பி. அந்த எண்ணைத்தான் தேடும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அபராதம் கூடிவிட்டது என்று எல்லோரும் பேசுகிறோம். அதைவிட முக்கியமான மாற்றம், அரசுக்கும் வண்டிக்காரருக்கும் நடுவே இருக்கும் ஒரே கயிறு அந்தப் பத்து இலக்க எண்ணாக ஆகிவிட்டது என்பது.

கேமரா மூலம் போடப்படும் வழக்குக்கு விதி உண்டு. 2021 ஆகஸ்டில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 167ஏ சேர்க்கப்பட்டது. குற்றம் நடந்த 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸில் இடம், தேதி, நேரம், வண்டி எண் தெரியும் படம் எல்லாம் இருக்க வேண்டும். வழக்கு முடியும்வரை அந்தப் பதிவைப் பாதுகாக்க வேண்டும். இது நமக்கு ஒரு பிடி. வண்டி கோட்டையூரில் ஷெட்டில் நிற்கும்போது சென்னையில் ஹெல்மெட் இல்லை என்று சலான் வந்தால் பதறவேண்டியதில்லை. படத்தைத் திறந்து பார்க்க வேண்டும். எண்ணில் ஒரு எழுத்து தவறாகப் படிக்கப்பட்டிருக்கலாம். போலி நம்பர் பிளேட்டாக இருக்கலாம். இ-சலான் தளத்திலேயே ஆட்சேபம் பதிவு செய்ய வழி இருக்கிறது. வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தாலும், அபராதம் கட்டுவதற்குப் பதில் வழக்காடுகிறேன் என்று தேர்வு செய்யலாம். ஐநூறுதானே, ஆயிரம்தானே என்று செய்யாத தப்புக்குக் கட்டிவிட்டால், அந்தப் போலி எண் வண்டிக்கும் சேர்த்து நாம் கணக்கு ஏற்றுக்கொண்டதாக ஆகும். அந்த வண்டி நாளை யாரையாவது இடித்துவிட்டு ஓடினால் போலீஸ் வந்து நிற்பது நம் வாசலில்தான்.

மாலை போட்டுச் சபரிமலைக்குப் போய்வரும் வண்டிகளுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். கேரளத்தில் 726 கேமராக்களை நிறுவி 2023 ஜூன் 5 முதல் அபராதம் போடத் தொடங்கினார்கள். அங்கே விழுந்த சலான் இங்கே தெரியாது என்று நினைக்க வேண்டாம். எல்லாம் ஒரே தேசிய இ-சலான் தளத்தில் சேர்கின்றன. வண்டியை விற்கப்போகும்போதோ எஃப்.சி.க்குப் போகும்போதோ அது முன்னால் வந்து நிற்கும்.

அபராதப் பட்டியலை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் புதிய தொகைகள் நடைமுறைக்கு வந்தன. ஹெல்மெட் இல்லையென்றால் 100 ரூபாயாக இருந்தது 1,000 ஆனது. லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000. அப்படி ஒருவரிடம் வண்டியைக் கொடுத்த சொந்தக்காரருக்கும் தனியாக 5,000. இன்சூரன்ஸ் இல்லையென்றால் முதல் தடவை 2,000, மறுபடி சிக்கினால் 4,000. செல்போன் பேசிக்கொண்டு ஓட்டினால் 1,000, திரும்பவும் செய்தால் 10,000. குடித்துவிட்டு ஓட்டினால் 10,000. ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டாலும் 10,000.

இந்தத் தொகைகளைக் கேட்டு அதிர்ச்சியடைகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். உண்மையான அதிர்ச்சி இதில் இல்லை. அது இருப்பது சிவகங்கையிலும் தேவகோட்டையிலும் நடக்கும் விபத்து நஷ்டஈட்டு வழக்குகளில்.

யார் பணம் கொடுப்பது?

2023ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 67,213 சாலை விபத்துகள் நடந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. இந்தியாவிலேயே மிக அதிக எண்ணிக்கை அது. இறந்தவர்கள் 18,347 பேர். ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் ஒரு கேள்வி எழுகிறது: நஷ்டஈட்டை யார் கொடுப்பது? தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இருந்தால் கம்பெனி கொடுக்கும் என்பது பலருடைய எண்ணம். கொடுக்கும். அதற்குப் பிறகு நடப்பதுதான் இந்த வட்டாரத்தில் யாரும் பேசாத விஷயம்.

ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை, அல்லது அந்த வகை வண்டிக்கான லைசென்ஸ் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பாதிக்கப்பட்டவர் தவிக்கக் கூடாது என்பதால் முதலில் இன்சூரன்ஸ் கம்பெனி பணத்தைக் கட்ட வேண்டும், பிறகு அந்த முழுத் தொகையையும் வண்டிச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றங்கள் உத்தரவிடுகின்றன. 2004 ஜனவரியில் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த பாதை இது. குடும்பத்தைத் தாங்கிய ஒரு இளைஞர் இறந்துபோன வழக்கில் நஷ்டஈடு பல லட்சத்தைத் தாண்டும். ஒரு குட்டியானை லோடு வண்டியை வைத்துப் பிழைப்பவர் அதை எங்கிருந்து கொடுப்பார்? வண்டி போகும், பிறகு வீடு ஜப்திக்கு வரும். ஐயாயிரம் அபராதத்துக்குப் பயந்து சந்து வழியாகப் போகிறவர், இந்த லட்சங்களைப் பற்றி ஒரு நிமிஷம் யோசிப்பதில்லை. லைசென்ஸ் போலீஸிடம் காட்டுவதற்கான அட்டை என்ற எண்ணம் நம்மிடம் அவ்வளவு ஆழமாகப் பதிந்துவிட்டது.

அதே தீர்ப்பு சொந்தக்காரருக்கு ஒரு பாதுகாப்பும் தருகிறது. டிரைவரை வேலைக்கு வைக்கும்போது லைசென்ஸைக் கேட்டு வாங்கிப் பார்த்து, அது சரியானதுதான் என்று நம்பிக் கொடுத்த முதலாளி, பின்னால் அது போலி என்று தெரிந்தாலும் வேண்டுமென்றே விதியை மீறியவர் ஆகமாட்டார். எனவே புதுவயல் அரிசி ஆலைக்காரர்களும், ஆத்தங்குடியில் தரைக்கல் ஏற்றி அனுப்புகிறவர்களும், வீட்டுக்கு டிரைவர் வைத்திருக்கும் ஆச்சிமார்களும் டிரைவரின் லைசென்ஸ் நகலைக் கோப்பில் போட்டு வைக்க வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை அது உயிரோடு இருக்கிறதா என்று மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் பார்க்க வேண்டும். "நம்ம பையன்தானே" என்ற பேச்சு தீர்ப்பாயத்தில் எடுபடாது.

லோடு வண்டி டிரைவர்களுக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் சரக்கு வண்டி ஓட்டலாமா என்று பல ஆண்டுகளாக இன்சூரன்ஸ் கம்பெனிகள் வழக்காடி வந்தன. 2017இல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் ஓட்டலாம் என்றது உச்ச நீதிமன்றம். அதை மறுபடி கேள்விக்கு உள்ளாக்கினார்கள். 2024 நவம்பர் 6 அன்று ரம்பா தேவி வழக்கில் 5 நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு முடிவாகச் சொல்லிவிட்டது: இலகுரக மோட்டார் வாகன லைசென்ஸ் இருந்தால், மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியையும் ஓட்டலாம், தனி அங்கீகாரம் வேண்டாம். குட்டியானையும் பிக்கப் வண்டிகளும் இதற்குள் அடங்கும். ஆனால் டூ வீலருக்கு மட்டும் லைசென்ஸ் எடுத்துவிட்டு லோடு வண்டி ஓட்டுகிறவரை இந்தத் தீர்ப்பு காப்பாற்றாது. அப்படி ஓட்டுகிறவர்கள் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். தங்களிடம் லைசென்ஸ் இருப்பதாகவே அவர்கள் நம்புகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

இன்னொரு பழைய தடையும் நீங்கியிருக்கிறது. போக்குவரத்து வாகனம் ஓட்ட எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்ற விதியை 2019இல் மத்திய அரசு எடுத்துவிட்டது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, கிளீனராகச் சேர்ந்து, கை பழகி டிரைவர் ஆன நூற்றுக்கணக்கானவர்கள் நம் பக்கத்தில் இருக்கிறார்கள். அந்த விதி போய்விட்டது என்பது அவர்களில் பலருக்கு இன்னும் சொல்லப்படவில்லை. சொல்ல வேண்டியது யார்? அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்கள்தான்.

அடுத்தது, எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். குன்றக்குடி பங்குனி உத்திரத்துக்கும், கொப்புடையம்மன் செவ்வாய்த் திருவிழாவுக்கும், பிள்ளையார்பட்டி சதுர்த்திக்கும் லோடு ஆட்டோவில் ஆள் ஏற்றி வருகிறோம். நாற்று நடவும் களையெடுப்பும் நடக்கும் காலத்தில் பெண்களை நிற்க வைத்து ஏற்றிப் போகிறோம். சரக்கு வண்டியில் சவாரியாக ஏறியவர்களுக்கு அந்த வண்டியின் இன்சூரன்ஸ் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 20 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. வண்டி கவிழ்ந்தால் டிரைவரின் லைசென்ஸும் ரத்தாகும் நிலைக்குப் போகும். ஆனால் கை கால் இழந்த பெண்ணுக்கு அதனால் என்ன கிடைத்துவிடும்? வண்டிக்காரரிடம் சொத்து இல்லையென்றால் தீர்ப்பு வெறும் காகிதம்தான். அரசு டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கட்டணம் இல்லாத பஸ்ஸை விட்டுவிட்டு லோடு வண்டியில் யாராவது ஆசைப்பட்டு ஏறுவார்களா? காலை ஐந்தரை மணிக்கு வயலுக்குப் போக அவர்கள் ஊருக்குப் பஸ் இல்லை, அதனால் ஏறுகிறார்கள். லோடு ஆட்டோவைப் பிடித்து அபராதம் போடும் அதிகாரி, அது எந்த ஊரிலிருந்து எத்தனை மணிக்கு ஆள் ஏற்றி வந்தது என்ற விவரத்தைப் போக்குவரத்துக் கழகத்துக்கு எழுதி அனுப்பினால், அபராதத்தைவிட அதிகப் பயன் இருக்கும்.

விற்றும் விடாத வண்டி

பழைய பைக்கை விற்கும்போது படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, வாங்குகிறவர் பெயரை நிரப்பாமல் கொடுத்துவிடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. வாங்கியவர் இன்னொருவருக்கு விற்பார், அவர் மூன்றாமவருக்கு. ஆர்.சி.யில் பெயர் முதல் ஆளுடையதாகவே இருக்கும். 2018 பிப்ரவரியில் நவீன்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் எடுத்துப் பேசியது. அந்த வழக்கில் வண்டி பல கை மாறியிருந்தது. யார் கையில் வண்டி இருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர், நஷ்டஈடு அவர் பொறுப்பு என்று தீர்ப்பானது.

ஆகவே விற்றவர்தான் பெயர் மாற்றத்தில் அக்கறை காட்ட வேண்டும், வாங்கியவர் அல்ல. வாங்கியவருக்கு அவசரம் கிடையாது, வண்டிதான் ஓடுகிறதே. பரிவாகன் தளத்தில் உங்கள் பழைய வண்டியின் எண்ணைப் போட்டு இன்றைக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பல வருஷத்துக்கு முன் விற்ற ஸ்கூட்டர் இன்னும் உங்கள் பெயரில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

இன்சூரன்ஸிலும் இப்படி ஒரு மறதி புகுந்திருக்கிறது. 2018 செப்டம்பர் 1 முதல் புதிய டூ வீலருக்கு 5 ஆண்டு தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் சேர்த்தே எடுக்க வேண்டும் என்று ஆனது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஐந்து வருஷம் நினைவே இல்லாமல் ஓட்டியவருக்கு ஆறாம் வருஷம் நினைவு வருவதில்லை. 2019, 2020இல் வாங்கிய வண்டிகள் எல்லாம் அந்தக் கெடுவைத் தாண்டிவிட்டன.

கப்பலேறிப் போனவர்களின் லைசென்ஸ்

பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய்வந்த மண் இது. இன்று சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். போனவர்களின் லைசென்ஸ் அலமாரியில் கிடந்து காலாவதியாகிறது. முன்பு காலாவதியாகி 5 ஆண்டு வரை மறுதேர்வு இல்லாமல் புதுப்பிக்க முடிந்தது. 2019 திருத்தம் அதை ஓராண்டாகக் குறைத்துவிட்டது. ஓராண்டைத் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். காலாவதிக்குப் பின் 30 நாள் செல்லும் என்றிருந்த சலுகையும் போய்விட்டது. அதற்கு ஈடாக ஒரு வசதி தந்திருக்கிறார்கள்: முடிவதற்கு ஓராண்டு முன்பே புதுப்பித்துக்கொள்ளலாம். விடுமுறைக்கு வரும்போது தேதியைப் பார்த்து, அடுத்த வருஷம் முடிகிறதென்றால் இந்த வருகையிலேயே முடித்துவிட்டுப் போவது நல்லது.

தேதி பார்ப்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. 30 வயதுக்குள் எடுத்தால் 40 வயது வரை செல்லும். 30க்கு மேல் 50க்குள் என்றால் 10 ஆண்டு. 50 முதல் 55 வரை எடுத்தவர்களுக்கு 60 வயது வரை. அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டு. லைசென்ஸ் என்றாலே 20 வருஷம் என்ற பழைய நினைப்பில் பலர் இருக்கிறார்கள். வெளிநாட்டில் ஓட்டுவதற்கான சர்வதேச உரிமம் ஓராண்டுதான் செல்லும். அங்கிருந்தபடியே இந்தியத் தூதரகம் மூலம் புதுப்பிக்க 2021இல் வழி செய்யப்பட்டிருக்கிறது.

தபாலுக்கு வருவோம். 2024 பிப்ரவரி 28 முதல் தமிழ்நாட்டில் லைசென்ஸும் ஆர்.சி.யும் ஸ்பீட் போஸ்ட்டில் மட்டுமே அனுப்பப்படுகின்றன. போக்குவரத்து அலுவலகத்தில் கையில் தரமாட்டார்கள். இடைத்தரகர்களை ஒழிக்க இது சரியான நடவடிக்கை என்று நான் நினைக்கிறேன். ஆனால் பூட்டிய வீடுகள் நிறைந்த செட்டிநாட்டில் தபால்காரர் என்ன செய்வார்? திருப்பி அனுப்புவார். கதவு பூட்டியிருந்து திரும்பிய உறையை நேரில் வந்து பெற்றுக்கொள்ள காரைக்குடி அலுவலகம் வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கித் தர வேண்டும். தை, மாசி முகூர்த்த நாட்களிலும் திருவிழா நாட்களிலும் ஊருக்கு வருகிறவர்களுக்காக முகவரி, செல்போன் எண் மாற்றும் முகாமும் நடத்தலாம். அதோடு, பழைய புத்தக லைசென்ஸ் வைத்திருக்கும் பெரியவர்களின் பதிவைக் கணினியில் ஏற்றிக் கொடுக்கலாம். 2024இல் மாநகராட்சியாக உயர்ந்த ஊருக்கு இது பெரிய கோரிக்கை அல்ல.

புரோக்கரிடம் போகாமல் முடியாது என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. பாதி உண்மை. எல்.எல்.ஆர். என்ற பழகுநர் உரிமத்துக்கான விண்ணப்பத்தை இ-சேவை மையத்திலேயே போடலாம். தேர்வைத் தமிழில் எழுதலாம். எல்.எல்.ஆர். 6 மாதம் செல்லும். 30 நாள் கழித்து ஓட்டிக் காட்டப் போகலாம். எட்டு போடுவது பழகினால் வந்துவிடும். கால் ஊன்றாமல் பத்து நாள் காலையில் மைதானத்தில் சுற்றினால் போதும். எட்டு போடாமலே லைசென்ஸ் வாங்கித் தருகிறேன் என்பவரை நம்பிப் பணம் கொடுப்பவர், தன் பிள்ளைக்கு வண்டியைத் திருப்பத் தெரியாது என்பதை மறைக்கத்தான் அந்தப் பணத்தைக் கொடுக்கிறார்.

பிள்ளை என்றதும் காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் மாலை நேரத்தில் டியூஷனுக்குப் பறக்கும் ஸ்கூட்டர்கள் கண்ணில் வருகின்றன. பதினைந்து, பதினாறு வயது, பின்னால் இரண்டு நண்பர்கள். பதினெட்டு ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால், சட்டத்தின் 199ஏ பிரிவு பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் சொல்கிறது. வண்டியின் பதிவு ஓராண்டு ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. அந்தப் பத்தாண்டில்தான் அவன் வேலை தேடுவான். டெலிவரி வேலையோ, கம்பெனி வேலையோ, வளைகுடா டிரைவர் வேலையோ, எதற்குப் போனாலும் லைசென்ஸ் கேட்பார்கள். பதினாறு வயதில் ஓட்டலாம் என்று சட்டம் சொல்லும் 50 சி.சி.க்கு உட்பட்ட வண்டி இன்று கடையில் கிடைப்பதே அரிது. 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத, 250 வாட்டுக்குள் அடங்கும் பேட்டரி வண்டிக்கு மட்டும்தான் லைசென்ஸ் வேண்டாம். பேட்டரி வண்டி எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று கடையில் யாராவது சொன்னால் வேகத்தையும் வாட்டையும் கேளுங்கள்.

வழியில் நிறுத்திக் கேட்கும்போது அசல் இல்லை என்று பதற வேண்டியதில்லை. 2017 செப்டம்பரில் அசல் லைசென்ஸ் கையில் இருக்க வேண்டும் என்று தமிழக அரசு உத்தரவிட்டபோது எவ்வளவு அல்லல்பட்டோம் என்பது நினைவிருக்கும். 2018 நவம்பரில் மத்திய விதி மாறியது. டிஜிலாக்கரிலோ எம்பரிவாகன் செயலியிலோ திறந்து காட்டினால் அது அசலுக்குச் சமம். செல்போனில் எடுத்து வைத்த புகைப்படம் அப்படி அல்ல. நிறுத்துகிற காவலர் இந்த விதியை மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். சலானைப் பெற்றுக்கொண்டு நீதிமன்றத்தில் சொல்லலாம், அது உங்கள் உரிமை.

அடுத்த முறை ஊருக்கு வந்து வீட்டைத் திறக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கோயிலுக்குப் போய்வந்து உட்கார்ந்ததும், வீட்டிலுள்ள எல்லா வண்டிகளின் எண்ணையும் எடுத்துக்கொண்டு பரிவாகன் தளத்தைத் திறந்து, செல்போன் எண்ணையும் முகவரியையும் இன்றைக்கு இருக்கிறபடி மாற்றிவிடுங்கள். வண்டி ஓட்டும் பையனையும் கூப்பிட்டு, அவனுடைய லைசென்ஸ் என்றைக்கு முடிகிறது என்று பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.